விடுபட்டது காட்சியா, குரலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாவல்கள் படமாகும்போது என்ன ஆகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ படங்களைப் பற்றிச் சொல்ல வந்தவர், இந்தக் காட்சி இல்லை, அந்தப் பாத்திரம் சுருங்கிவிட்டது என்று வரவு செலவுக் கணக்கு எழுதிவிட்டு, புத்தகமே மேல் என்று தீர்ப்பும் சொல்லி எழுந்துபோனது எனக்கு ஒப்பவில்லை.

1950 கடைசியில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த ஐந்து பாகக் கதை. அதை 2022, 2023-ல் வந்த இரண்டு படங்களுக்குள் அடைத்தால் விடுபடாமல் என்ன செய்யும்? ஜெயமோகனின் ‘துணைவன்’ ஒரு சிறுகதை. அதிலிருந்து வந்த ‘விடுதலை’யும் இரண்டு படங்கள்தான். பக்கத்தை எண்ணிப் படத்தை அளக்க முடியாது என்பதற்கு இது போதும்.

எனக்குக் குறையாகத் தெரிந்தது வேறு. கல்கி கதை சொல்லும்போது கூடவே பேசிக்கொண்டு வருவார். எடுத்த எடுப்பிலேயே நம்மைக் கற்பனைப் படகில் ஏற்றிக்கொள்வார். ஒருவனை ஆபத்தில் நிறுத்திவிட்டு, கூசாமல் நம்மை வேறு பக்கம் கூட்டிப்போவார். நாமும் திட்டிக்கொண்டே போவோம். அந்தக் குரல்தான் எனக்கு அந்த நாவலின் முதல் பாத்திரம். படத்திலும் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் உண்டு. அது தகவல் சொன்னது, தோளில் கை போடவில்லை. ஒரு காட்சிகூட விடாமல் நாற்பது மணி நேரம் எடுத்திருந்தாலும் அந்தக் கை வந்திருக்காது.

நடிகர்களின் முகம் தன் கற்பனையைக் கெடுத்துவிட்டது என்றும் கட்டுரையாளர் வருந்துகிறார். தொடராகப் படித்தவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் மனத்தில் இருக்கும் வந்தியத்தேவன் மணியம் வரைந்த வந்தியத்தேவன். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரில் மோகனாம்பாளுக்கு ஓவியர் கோபுலு முகம் கொடுத்து வைத்திருந்தார். படத்தில் பத்மினி அப்புறம்தான் வந்தார். நம் வாசகர்கள் வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு முகம் செய்த காலம் நாம் நினைக்கிற அளவுக்கு இருந்ததில்லை.

கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துபோன ‘அசுரன்’தான் நின்று பேச வேண்டிய படம். அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ நாவல் 1982-ல் வந்தது. பீடிகை எதுவும் கிடையாது. பதினைந்து வயதுச் சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனைத் தாக்குகிற இடத்திலேயே கதை தொடங்கிவிடுகிறது. கையை வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு எட்டு நாள் அய்யாவும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, இதுதான் பேச்சு. கொலை செய்த பையன் அவ்வப்போது வெறும் பையனாகிவிடுகிறான். எல்லாமே அவன் கண் மட்டத்தில் நடக்கிறது.

2019-ல் வெற்றிமாறன் அந்தக் கண்ணை மாற்றிவிட்டார். படம் அப்பன் சிவசாமியுடையது. அவனுடைய இளமைக்காலத்தைப் படம் சொல்கிற விரிவில் நாவலில் தேட முடியாது. இதைத் துரோகம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பையனின் கண்ணில் அய்யாவின் பொறுமைக்குக் காரணம் தேவையில்லை, அய்யா அப்படித்தான். அப்பனை நடுவில் நிறுத்தினால், இவன் ஏன் இவ்வளவு அடங்கிப்போகிறான் என்று பார்க்கிறவன் கேட்பான். முன்கதை அதற்குப் பதில். ஆனால் பதில் கிடைத்த கையோடு, எட்டு நாள் காட்டில் கிடந்த அந்த மெதுவான நேரம் போய்விட்டது. எனக்கு அதுதான் நஷ்டம். கட்டுரையாளர் இதையல்லவா விசாரித்திருக்க வேண்டும்?

இயக்குநர் மகேந்திரன் செய்ததும் இப்படிப்பட்ட வேலைதான். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கையைப் புலி எடுத்துக்கொள்கிறது. 1978 படத்தில் லாரி. புலி போய் லாரி வந்ததால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘உதிரிப்பூக்க’ளில் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். படத்தின் முடிவில் ஊரே கரையில் நிற்க சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்குவானே, அது மகேந்திரனுடையது. இதற்கு நேர் எதிராக, சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவல் படமானபோது லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது. கதைக்கு அதனால் என்ன கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரி, பாட்டு நன்றாக இருந்தது.

ஒரு விஷயத்தைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை: எதை முதலில் பார்த்தார், எதை முதலில் படித்தார்? நான் ‘அசுரன்’ பார்த்துவிட்டுத்தான் ‘வெக்கை’யை எடுத்தேன். முப்பது பக்கம்வரை அய்யா பேசினால் தனுஷ் குரல்தான் கேட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்கிற இடம் ஒன்றில்தான், எப்போது என்று தெரியாமலே, அந்த முகம் கழன்று விழுந்தது. என் அக்கா நாவலை முன்பே படித்தவள். தியேட்டரில் அவள் கடைசிவரை பையனையே தேடிக்கொண்டிருந்தாள், இடைவேளையில் என்னிடம், “இவன் எப்போ பேசப்போறான்?” என்று கேட்டாள். ஒரே படத்தைத்தான் இருவரும் பார்த்தோம்.

இனி இப்படிக் கட்டுரை வெளியிட்டால், எழுதுகிறவர் முதலில் படித்தாரா, பார்த்தாரா என்று மேலே ஒரு வரி போடச் சொல்லுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி