ஆள் மாறிய போஸ்டர் பற்றி, நம் அச்சக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டீக்கடையில் இன்றைக்கும் அதுதான் பேச்சு. ஆளுக்கொரு கதை ஓடுகிறது. யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு நாங்கள் வேண்டுமென்றே அடித்ததாகக்கூட ஒரு கதையில் வருகிறதாம். நடந்ததை அடித்தவர்களே சொல்லிவிடுவதுதான் சரி. அதோடு, கடையில் சில வழக்கங்களை மாற்றியிருக்கிறோம். அது ஏன் என்று ஒவ்வொருவரும் கவுண்டரில் கேட்கிறீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

அன்று ராத்திரி பதினோரு மணி இருக்கும். இரண்டு பையன்கள் வந்து ஷட்டரைத் தட்டினார்கள். மேலத்தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், காலையில் பத்து மணிக்கு எடுக்கிறார்கள், விடிவதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும் என்றார்கள். பெயரையும் தேதிகளையும் எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ கேட்டோம். "வீட்ல தேடிட்டிருக்காங்கண்ணே, வாட்ஸப்ல அனுப்புறோம்" என்று போய்விட்டார்கள். அரை மணி நேரம் பார்த்தோம், வரவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு படம் இருந்தது. முன்பு ஒரு மணிவிழாவுக்கு நாங்களே அடித்துக் கொடுத்த பேனரில் இருந்த படம். அதே பெயர், அதே இனிஷியல், பார்த்தால் வயதும் அப்படித்தான் தெரிந்தது. கழுத்து மாலையை எடுத்துவிட்டு, பின்னால் கொஞ்சம் வானத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து நூறு போஸ்டர் ஓட்டினோம். பையன்கள் வந்து, சுருட்டிக் கட்டியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப்போனார்கள். ஒட்டுகிறவர் வெளியூர்க்காரர், அவருக்கு முகம் தெரியாது. மைதா பசை வாளியோடு போய் நாலு மணிக்கெல்லாம் ஒட்டி முடித்துவிட்டார்.

மேலத்தெருக்காரர் காலமானது உண்மை. படத்தில் இருந்தவரோ கீழத்தெருவில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். ஆறரை மணிக்கெல்லாம் கீழத்தெருவில் பந்தல்காரர் பிளாஸ்டிக் சேரை இறக்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, தெரிந்த வீடு என்று தானாகவே வந்துவிட்டார். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த தங்கை ஆட்டோ பிடித்து வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து, தெருமுனையில் அண்ணனை எருமையோடு பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை நிற்க முக்கால் மணி நேரம் ஆனது.

இது வரைக்கும்தான் ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மிச்சப் பாதியை யாரும் சொல்வதில்லை. மேலத்தெரு வீட்டில் பத்து மணிக்கு எடுக்கும்போது வாசலில் இருந்தது இருபது பேர்கூட இல்லை. வந்திருக்க வேண்டிய கூட்டம் கீழத்தெருவுக்குப் போய், "பொய்ச் செய்தியாம்ப்பா" என்று திரும்பி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் மூங்கில் வெட்ட நின்ற மனிதர் அவர். அவரைத் தூக்கத் தோள் மாற்றவே ஆள் போதவில்லை என்று மகன் சொன்னபோது எங்களுக்குப் பேச வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையை அடித்து, வீடு வீடாக நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கும் இதற்கும் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.

கீழத்தெருப் பெரியவர் மதியம் கடைக்கு வந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றோம். அவர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த போஸ்டர் ஒன்றை விரிக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். "மீசை நல்லா விழுந்திருக்கு தம்பி. ஃபைலை அழிச்சிராத, பின்னாடி உதவும்" என்றார். அவர் சொல்லி நாங்கள் கேட்காதது அது ஒன்றுதான். அவர் படி இறங்குவதற்குள் அழித்துவிட்டோம்.

வாயால் வந்த செய்தி என்றால் நம் ஊரில் எதிர்க்கேள்வி உண்டு. "உனக்கு யார் சொன்னா? நீ பாத்தியா?" என்று இரண்டு கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் சொல்வோம். சுவரில் ஏறிவிட்டால் அந்தக் கேள்வி போய்விடுகிறது. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கீழத்தெருப் பெரியவரோடு திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரே, பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கடையில் மாலை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். "அதான் போஸ்டரே ஒட்டிட்டாங்களே" என்றார்.

முன்பெல்லாம் தண்டோரா போடுகிறவரை நிறுத்தி, "என்னப்பா, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்க முடிந்தது. 2022இல் அரசு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி இருக்கும் காலத்தில் ஒரு மனிதரைத் தண்டோரா அடித்துக்கொண்டே தெருத்தெருவாக நடக்கவைக்க வேண்டியதில்லை, அது நல்லதுதான். இப்போது பஞ்சாயத்துச் செய்தி ஆட்டோவில் ஒலிபெருக்கியோடு வருகிறது, மற்றதெல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. வாட்ஸப் என்ன செய்யும் என்பதை 2018இல் பார்த்தோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வருடம்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸப்பையே மாற்றினார்கள். எங்கள் ஆஃப்செட் மெஷினுக்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. ஒரு பிளேட் போட்டால் ஆயிரக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். தடுப்பை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் இனிமேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு, துக்க வீட்டைச் சேர்ந்த ஒருவர் புரூப்பை, அதாவது அச்சுக்கு முந்தின மாதிரியைப் பார்த்து "இவர்தான்" என்று சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும். நேரில் வர வேண்டாம், போனில் படத்தை அனுப்புவோம், குரலால் சொன்னால் போதும். துக்க வீட்டுக்குப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணுகிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். அரை மணி நேரம் தாமதமாகவும் செய்யும். மேலத்தெரு வாசலை நினைத்தால் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. போட்டோவும் அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படத்தை எடுக்க மாட்டோம், அது ஊரறிந்த முகமாக இருந்தாலும்.

இன்னொன்றும் கேட்போம்: பட்டப்பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு ஒருவருக்காவது வைத்துவிடுகிறோம். எங்கள் பில் புத்தகத்திலேயே ஒரே பெயரில் ஏழு பேர் இருக்கிறார்கள், அதில் மூன்று பேருக்கு இனிஷியலும் ஒன்று. மில்காரர், ஒத்தவீட்டுக்காரர், மிலிட்டரி என்று சொன்னால்தான் ஊருக்கு ஆள் தெரியும். கடைசிப் போஸ்டரில் போய் பட்டப்பெயரா என்று வருத்தப்படுகிறவர்கள் தெருவின் பெயரையாவது பெரிய எழுத்தில் போட விடுங்கள்.

அப்புறம் மேசை விஷயம். இதில் தப்பு முழுக்க எங்களுடையது. ஆடியும் மார்கழியும் தவிர மற்ற மாதங்களில் எங்கள் மேசையில் எப்போதும் நாலு கல்யாணப் பத்திரிகையின் புரூப் கிடக்கும். பெஞ்சில் உட்காருகிறவர்கள் பேப்பர் படிப்பதுபோல அதையும் எடுத்துப் படிப்பார்கள். நாங்களும் சும்மா இருந்தோம். சொந்தக்காரர்களுக்கு வீட்டார் சொல்வதற்கு முன்னால் இங்கிருந்து செய்தி போயிருக்கிறது. ஒரு வீட்டில் அழைப்போர் பெயர் வரிசையை முதல் புரூப்பில் ஒரு மாதிரி போட்டு, யோசித்து, மறுநாள் மாற்றச் சொல்லியிருந்தார்கள். மாற்றுவதற்குள் தாய்மாமன் அந்தப் பழைய புரூப்பை எங்கள் மேசையில் பார்த்துவிட்டார். தன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது என்று போனவர், கல்யாணத்தன்று காலைவரை வரவில்லை. பெண்ணின் அம்மாவே போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தார்.

இப்போது புரூப்பெல்லாம் கவரில் போட்டு டிராயருக்குள் போகிறது. அடிக்கக் கொடுத்தவரிடம் மட்டும்தான் காட்டுவோம். டைப் அடித்து பைண்டிங் செய்ய வருகிற மொய் நோட்டுக்கும் இதுதான். யார் எவ்வளவு எழுதினார் என்று எங்களிடம் கேட்காதீர்கள். "யார் வீட்டு விசேஷம்?" என்று கேட்டால் எங்கள் பையன் சிரிப்பான், அவ்வளவுதான். திமிர் என்று நினைக்க வேண்டாம், நாங்கள் சொல்லித்தான் சிரிக்கிறான்.

மொட்டை நோட்டீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. "அச்சகம் பேர் போடாம ஒரு ஐந்நூறு அடிச்சுக் குடுங்க, காசு சேத்துத் தர்றோம்" என்று மாதத்துக்கு ஒருவராவது வருகிறார். வாய்க்கால் தகராறு, கோயில் கணக்கு, யாரோ யாரையோ பற்றி. கிடையாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, 127ஏ பிரிவு. அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சான்றொப்பத்தோடு, இரண்டு பிரதியாக எங்களிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றை அச்சிட்ட நோட்டீஸோடு நாங்கள் ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். தேர்தல் இல்லாத நாளில் ஊர் நோட்டீஸுக்கு இவ்வளவு கேட்க மாட்டோம்; அடிக்கச் சொன்னவர் பெயர் ஒன்று, எங்கள் பெயர் ஒன்று, கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தே தீரும். பெயர் போடப் பயமாக இருந்தால் அதை எங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதுவும் டிராயருக்குள் போய்விடும்.

பெஞ்சை எடுக்கப்போகிறோம் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். எடுக்கவில்லை. காலையில் பேப்பர் வரும், வழக்கம்போலச் சத்தமாகப் படியுங்கள், சண்டை போடுங்கள். வாசலில் இருக்கும் கரும்பலகையும் அப்படியே இருக்கும். மின்தடை, ரேஷனில் பாமாயில் வந்த நாள், ரத்தம் தேவை, கிராம சபைத் தேதி, கன்றுக்குட்டி காணோம், எது வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுகிறவர் கீழே பெயரைப் போட வேண்டும். பெயர் இல்லாததைச் சாயங்காலம் கடை அடைக்கும்போது அழித்துவிடுவோம். போன வாரம் "நாளைக்கு டேங்க் தண்ணி வராது" என்று யாரோ பெயரில்லாமல் எழுதப்போய், தெருவே இருந்த குடத்தையெல்லாம் நிரப்பி வைத்தது. மறுநாள் தண்ணீர் எப்போதும்போல வந்தது. எழுதியவர் யாரென்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. சொல்ல மாட்டோம்.

காலண்டருக்குக் கடை பெயர் அச்சடிக்கிறவர்கள், சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளியிட்டதும் எங்களுக்கும் வந்துவிடும், நேரில் வந்து படம் பார்த்துக்கொள்ளுங்கள். யார் எந்தச் சாமி படம் எடுத்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தார்

பி.கு.: சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து கிடைத்து எங்களிடம் இருக்கிறது. எத்தனை சாவி, கூடவே கோத்திருப்பது என்ன என்று சரியாகச் சொல்கிறவர் வாங்கிக்கொள்ளலாம். இதுவரை மூன்று பேர் வந்து "என்னோடதுதான்" என்றார்கள். மூன்று பேரும் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னார்கள்.