ஸ்பிரிங்கை மாற்றும் முன்…

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்பிரிங் ஏர் பிஸ்டலில் (ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, அழுந்தும் காற்றால் குண்டைச் செலுத்தும் கைத்துப்பாக்கி) குறி சிதறினால் பலரும் வலுவான ஸ்பிரிங்கைத் தேடுகிறார்கள். அது உதைப்பைத்தான் கூட்டும், குறி இன்னும் கெடும். முதலில் திருகுகளை இறுக்குங்கள். பிறகு குழல் உருளையோடு சேரும் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து ஒரு குண்டு சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று கசிகிறது, அங்கே காற்றை அடைக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். பிஸ்டனின் தோல் சீல் காய்ந்திருந்தால் இரண்டு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். எண்ணெய் கூடினால் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும், வேகம் தாறுமாறாகும். 4.5 மி.மீ. குண்டுகளிலும் 4.49, 4.50, 4.52 எனத் தலை அளவுகள் (குண்டின் முன்பகுதி விட்டம்) உண்டு. ஒவ்வொன்றிலும் பத்து சுட்டு ஒப்பிடுங்கள். தயவுசெய்து குண்டில்லாமல் விசையை அழுத்தாதீர்கள். தடுக்கக் காற்றழுத்தம் இல்லாததால் பிஸ்டன் உருளையின் முனையில் மோதி சீல் நைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்