தண்ணீர் டின்னோடு நின்ற தாத்தாவுக்கு

தாத்தா,

இன்றைக்குப் பிப்ரவரி 15. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் சரணடைந்த நாள். காலையில், அந்தச் சரணாகதி நடந்த புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்தேன். உங்களோடு போன அந்த நாளுக்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்ததில்லை.

அதே படம். சரணடையப் போகும் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் இரும்புத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக நடந்து வருகிறார். கூட வருகிற ஒருவர் தோளில் வெள்ளைக்கொடி. அன்று நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அவருடைய முழங்காலைக் காட்டினீர்கள். "பாரு, எலும்பு தெரியுது. இந்த மனுசன் எறங்கிப் போகலைன்னா டவுன்ல ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான். நான் சிராங்கூன் ரோட்டுல, ஒடைஞ்ச குழாய்கிட்ட, மண்ணெண்ணெய் டின்னை வச்சுக்கிட்டு..."

நான் முடிக்க விடவில்லை. "80,000 பேரை வச்சுக்கிட்டு 30,000 பேர்கிட்ட கையைத் தூக்கினவன் தாத்தா அவன்! அதனாலதான் உங்களை ரயில் ரோடு போட சயாமுக்கு இழுத்துட்டுப் போனானுங்க!" அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ஒன்றும் பேசாமல் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அப்படிக் கத்தியது தப்பு. மன்னித்துவிடுங்கள். கணக்கு மட்டும் தப்பில்லை. ஜப்பான் தளபதி யமாஷிதாவிடமும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, மிரட்டித்தான் பணிய வைத்தார். ஆனால் தண்ணீரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. குழாய்கள் உடைந்து குடிதண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். இன்னும் ஓரிரு நாள்தான் தாங்கும் என்ற நிலைமையில்தான் ஃபோர்ட் கேனிங் படைத் தலைமையக நிலவறையில் அன்று காலை சரணடைய முடிவெடுத்தார்கள். படையையோ ஜனங்களையோ காப்பாற்றுகிற நினைப்பே கூடாது என்று ஐந்து நாள் முன்பு சர்ச்சில் தந்தி அடித்திருந்தார். சயாம் பழியையும் பெர்சிவல் தலையில் நான் போட்டிருக்கக் கூடாது. சயாமுக்கு ஆள் பிடித்த மலாயாத் தோட்டங்களெல்லாம் ஜனவரியிலேயே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டன.

அதற்காக ஊரைக் காப்பாற்றினார் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சில நாளிலேயே சீன ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடற்கரையில் சுட்டார்களே, தாத்தா.

சயாமிலிருந்து சின்னத் தாத்தா திரும்பாத விஷயத்தை இங்கே எழுதவில்லை. அத்தை இதைப் படிப்பார்கள். அந்தக் குடும்பமும் படிக்கும்.

ஆனால் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். அந்த வெள்ளைக்காரருக்குக் காட்டிய இரக்கத்தில் பாதியை அப்பாவுக்குக் காட்டியிருக்கக் கூடாதா? கடனில் மூழ்கி, வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் பூட்டுப் போட்டு வந்தார். சோற்றில் கை வைத்திருந்த மனிதரைப் பார்த்து, "கடைசிவரைக்கும் நின்னு பாக்கத் தெரியாதவன்" என்றீர்கள். அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அந்தப் படத்துக்கு முன்னால் நான் கத்தியபோது எனக்குள் இருந்தது அந்தத் தட்டு. இதை உங்களிடமே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

இன்று அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த டின் நிறைந்ததா, தாத்தா? அதில் யாருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோனீர்கள்?