உன் 11-ஐப் பற்றி அப்பா

அம்மாடி,

நேற்று ராத்திரி போனில் "எச்-இண்டெக்ஸ் 11-லயே நிக்குதுப்பா" என்றாயே, சின்ன வயதில் பரீட்சைப் பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நிற்பாய், அதே குரல். உன் கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்பதை வைத்துப் போடும் எண்தானே அது. நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நூலகத்தில் சேர்ந்த புதிதில் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் தடித்தடி தொகுதிகளாக வரும். கடுகு எழுத்து, பூதக்கண்ணாடி இல்லாமல் ஆகாது. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்தால், அதற்குப் பிறகு யார் யார் அதை எடுத்தாண்டார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் இந்த யோசனையை எழுதினார். அவரும் வேதியியல் படித்தவர்தான். தப்பான முடிவுகளை விவரம் தெரியாமல் அடுத்தவர்கள் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. என் மேசைக்கு வந்தவர்களும் விஷயம் தேடித்தான் அதைத் திறந்தார்கள். ஆளை நிறுக்கத் திறந்து நான் பார்த்ததில்லை.

உன் 11 பிறகு வந்த சரக்கு. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. தலா 11 முறையாவது எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் 11 இருந்தால் 11. அதில் ஒன்று 11 முறையா, 1,100 முறையா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. கூட வேலை பார்ப்பவருக்கு 23 என்றாய். இருக்கட்டும்.

காலையில் உட்கார்ந்து உன் கட்டுரைகளை எடுத்தாண்டவர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை? மற்றவர்கள் வேலையைத் தொகுத்துச் சொல்லும் உன் ரிவ்யூ கட்டுரைதான் அதிகம் எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆனால் பாதிப் பேர் "குறிப்பு 14 முதல் 22 வரை காண்க" என்று மூட்டை கட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த மூட்டையில் நீயும் ஒரு ஆள். படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆறே பேர் எடுத்தாண்ட உன் இன்னொரு கட்டுரையில்தான் எனக்கு நேரம் போனது. என்சைமை அருமையாகத் தடுக்கிறது என்று நீங்கள் ஒரு வருஷம் கொண்டாடிய மூலக்கூறு. சோப்பு மாதிரியான டிரைட்டானை 0.01 சதவீதம் சேர்த்ததும் தடுப்பு மொத்தமும் காணாமல் போனது. மூலக்கூறுகள் திரண்டு கட்டியாகி என்சைமை ஒட்டவைத்துக்கொண்டதுதான், மருந்தாக ஒன்றும் வேலை செய்யவில்லை என்று நீயே உன் முடிவை உடைத்து எழுதியிருக்கிறாய். அந்த ஆறில் ஒரு குழு, அதே சோதனையைத் தங்கள் மூலக்கூறுக்கும் செய்து பார்த்துவிட்டு, அந்த வரிசையையே கைவிட்டதாக எழுதியிருக்கிறது. எத்தனை மாத உழைப்பு மிச்சம்! இதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் வேலையை நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ. நிறுத்திய வேலைக்கு யார் கட்டுரை எழுதுகிறார்கள்? உங்கள் துறையில் பேட்டன்டுக்குள் போய் அடங்குவதும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை.

உயிர்வேதியியலாளர் லௌரியின் 1951 புரத அளவீட்டுக் கட்டுரை மூன்று லட்சம் முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டது. "அது பெரிய கட்டுரை இல்லை என்று எனக்கே தெரியும்" என்றார் அவர். இன்னொரு பக்கம், ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தின் அமைப்பைப் பற்றி 1977-இல் வந்த சீனக் கட்டுரையில் ஒரு குழுவின் பெயர்தான் இருந்தது. அதன் பின்னால் இருந்த தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. பெயரே இல்லாத கட்டுரையை எந்த எச்-இண்டெக்ஸில் சேர்ப்பது?

பதவி உயர்வு படிவத்தில் எண் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். கேட்டால் 11 என்று எழுது, பக்கத்திலேயே அந்த ஆறு பேர் கட்டுரையைப் பற்றி நாலு வரியும் எழுது. தன்னுடைய நாலு கட்டுரைகளைச் சேர்த்தால்தான் ஒப்புதல் என்கிறாரே உன் கட்டுரையை மதிப்பிடும் ஒரு ரிவ்யூவர், அவை உன் வேலையைத் தொடவே இல்லை என்றால் சேர்க்காதே. காரணத்தை ஆசிரியருக்கு எழுதிவிடு. எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நீ அனுப்பிய புது வரைவையும் படித்தேன். வேதியியல் பாதி புரிந்தது. குறிப்பு 19-ல், எந்த மூலக்கூறு வாய்வழி மருந்தாகத் தேறும் என்று கணிக்க உதவும் லிப்பின்ஸ்கியின் விதிக்கு 1979 என்று போட்டிருக்கிறாய். அது 1997. அப்படியே போனால் அவர் கணக்கில் ஒன்று ஏறாமல் போய்விடும், பாவம். திருத்தி அனுப்பு.

அப்பா