ஹோர்ட்டன் சமவெளி: முதலில் விளிம்பு, பிறகு அருவி

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை விட்டதும் அட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து வான் வானாக ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவது வழக்கம். பத்து மணிக்கு மேல் உலக முடிவு என்ற பாறை விளிம்பில் போய் நின்று, வெறும் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் வட்டப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். நடந்து பழகிய எட்டு வயதுப் பிள்ளைக்கும் முடியும். நேரமும் சப்பாத்தும் சரியாக இருந்தால் போதும்.

நேரம்தான் முதலாவது. உலக முடிவில் பாறை ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏறியதும் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரோடு மேலே வரும். மேலே வர வரக் குளிர்ந்து முகிலாகும். அதனால் ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பு மூடிவிடும். பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கிறது. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வருகிறவர்கள் நாலரைக்கே புறப்பட வேண்டும். ஒஹிய புகையிரத நிலையத்திலிருந்து மேலே வர 11 கிலோமீட்டர் ஏற்றம். பகல் புகையிரதத்தில் வந்திறங்கி உலக முடிவைப் பார்க்க நினைப்பது வீண். முதல் நாளே வந்து தங்குவதுதான் வழி.

நடை தொடங்கும் பழைய விடுதியான ஃபார் இன்னிலிருந்து நடந்தால் பாதை பிரியும் இடத்தில் பலகை இருக்கும். சிறிய உலக முடிவு என்று காட்டும் கிளையைப் பிடியுங்கள். அங்கிருந்து உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி. மூட்டம் வந்தாலும் அருவி எங்கும் போகாது, ஆகவே அது கடைசியில் இருக்கட்டும். அருவிக்கு இறங்கும் வழி சற்றுச் செங்குத்து, படியில் ஈரம் காய்வதே இல்லை. நின்று பார்த்து நடந்தால் மொத்தம் மூன்றரை மணிநேரம் பிடிக்கும். 2,100 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலிருந்து வரும் உறவினருக்கு முதல் அரை மணிநேரம் மூச்சு வாங்கினால் மெதுவாகவே நடக்க விடுங்கள்.

பாதையின் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகில் காட்டுக்குள் வேர்கள் குறுக்கே ஓடும், பத்தனைப் புல்வெளியில் கரிய மண். மழைக்குப் பிறகு அந்தக் கரிய மண் வழுக்கும். செருப்போடு வருகிறவர்கள் சேற்றுக்குப் பயந்து ஓரத்துப் புல்லில் இறங்குகிறார்கள். மிதிபட்ட புல் சாகிறது, மண் இறுகுகிறது, மழைநீர் அந்தத் தடத்திலேயே ஓடி வாய்க்கால் வெட்டுகிறது. அடுத்து வருகிறவர் இன்னும் தள்ளி மிதிக்கிறார். அயர்லாந்தின் விக்லோ மலைகளிலும் காட்டைத் தாண்டிச் சதுப்பு மேட்டு நிலத்துக்கு ஏறும் வட்டப்பாதைகளில் இதே தொல்லை இருந்தது. அங்கே செத்த செடிகள் மட்கி உண்டாகும் கரிமண் சேர்வது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் கிளெண்டலொக் பக்கத்து முகட்டில் பழைய புகையிரதப் பாதைச் சிலிப்பர் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் நடக்க வைத்திருக்கிறார்கள். நமக்குக் கட்டை இல்லாத இடத்தில், அடியில் நல்ல வெட்டுள்ள சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேற்றின் நடுவே நடப்பதுதான் சரி. சப்பாத்தை வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

வருமுன்னும் கழுவ வேண்டும். மஞ்சள் பூவும் முள்ளுமாக இங்கே பரவியிருக்கும் கோர்ஸ் செடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அயர்லாந்து மேடுகளில் அது சொந்தச் செடி, இங்கே நம் புல்லை மூடிக்கொண்டு வளர்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைதிறனோடு கிடக்கும், சேற்றோடு ஒட்டிக்கொண்டு சப்பாத்தின் அடியில் பயணமும் செய்யும்.

உணவைப் பொலித்தீனில் கட்டாமல் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவாருங்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் போதும், ஓடைத் தண்ணீர் வேண்டாம். வாகனத் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் மரைகளுக்குப் பாணோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். அவை உணவு மணக்கும் உறையையும் சேர்த்து விழுங்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடியலில் புல்லில் உறைபனி இருக்கும், ஒன்பது மணிக்கு வெயில் சுடும். ஒரே தடித்த சட்டையைவிட மெல்லிய இரண்டும் ஒரு மழை அங்கியும் நல்லது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு விளிம்புக் காற்றில் நின்றால் நடுக்கம் பிடிக்கும்.

விளிம்பில் மூன்று மீட்டர் உள்ளே நில்லுங்கள். புல் தரை போலத் தெரிவதன் கீழே சில இடங்களில் மண்ணே இருக்காது. மூட்டத்தில் எதுவும் தெரியவில்லையே என்று எட்டிப் பார்ப்பதும், படம் எடுக்கப் பின்னோக்கி நடப்பதும்தான் மிக ஆபத்து.

பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெரியவர்களை நிறுத்துங்கள். உலக முடிவில் ஒரு குழு பார்த்து வந்த பிறகே அடுத்த குழுவை விடுங்கள். ஆளெண்ணிக்கையை அங்கே ஒருமுறை, அருவியில் ஒருமுறை எடுங்கள்.

மலைநடை ஆர்வலர்கள்,
அட்டன்