திறப்பு விழாவுக்கு மறுநாள்: சிற்பத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொது இடங்களில் நிறுத்தப் பெரிய சிற்பங்களைத் தேர்வு செய்யும் குழுவினர் அனைவருக்கும், வணக்கம்.

நான் சிற்பி இல்லை. சிற்பி கையில் கொண்டுவரும் சின்ன மாதிரியைப் பார்த்து, அதை இரண்டு மாடி உயரத்துக்கு இரும்பில் கட்டித் தரும் பட்டறைக்காரன். இலை, விதை, அலை, சிப்பி, பறவைக்கூடு என்று இயற்கையிலிருந்து எடுத்த வடிவங்கள்தான் இப்போது அதிகம் வருகின்றன. நல்ல வேலைகள்தான், செய்யவும் பிடிக்கிறது. என் வருத்தமெல்லாம் உங்கள் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றியது. எவ்வளவு உயரம், என்ன செலவு, திறப்பு விழாவுக்குள் முடியுமா? இதோடு எழுந்துவிடுகிறீர்கள். இருபது வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகு அது எப்படி இருக்கும், அதுவரை யார் பார்த்துக்கொள்வது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்த ஒரு விவகாரமே போதும். டெ மொயின் நகரப் பூங்காவில் ஒரு குளம். அதைச் சுற்றி மேரி மிஸ் என்ற சிற்பி 1996-இல் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்தார். மரப்பலகை நடைபாதைகள், ஈரநிலச் செடிகள், குளத்தின் நீர்மட்டம் கண்ணுக்கு நேரே வரும்படி இறங்கி நிற்க ஒரு கான்கிரீட் பள்ளம். தள்ளி நின்று பார்க்கும் சிலை இல்லை, உள்ளே நடந்து அனுபவிக்கும் இடம். ஆனால் அந்த ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் மரம் தாங்கவில்லை, உளுத்துப்போனது. சீர்செய்ய 25 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், அதனால் பிரித்துவிடுகிறோம் என்று 2024 தொடக்கத்தில் அதை வைத்திருந்த கலை மையம் அறிவித்தது. சிற்பி கோர்ட்டுக்குப் போனார். அவர் சம்மதம் இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று நீதிபதி தடை விதித்தார். அதே சமயம், சரிசெய்தே ஆக வேண்டும் என்று மையத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்றார். ஆக, உளுத்த பலகைகள் அப்படியே நின்றன. கடைசியில் 2025-இல் சிற்பிக்கு 9 லட்சம் டாலர் கொடுப்பதாகச் சமரசம் பேசி, வேலையைப் பிரித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. ஒரு சிற்பம் இல்லாமல் போவதற்கே இவ்வளவு பணம் போயிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

பேட்ரிக் டோஹர்ட்டியின் வழி வேறு. இளங்கன்றுகளையும் மிலாறுகளையும் வளைத்து முறுக்கி, ஆள் நுழைந்து நடக்கிற அளவுக்குப் பெரிய கூடுகளைப் பின்னுகிறவர். உள்ளூர்த் தன்னார்வலர்களோடு சுமார் மூன்று வாரம் வேலை. சிற்பத்தின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு வருஷம். இது எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். குச்சி காய்ந்து சரியத் தொடங்கியதும் பிரித்து எடுத்துவிடுவார்கள். இப்படி 300-க்கும் மேல் செய்திருக்கிறார். நிரந்தரம் இல்லை என்பதற்காக யாரும் அவரைக் கூப்பிடாமல் விடவில்லை.

இல்லை, எங்களுக்கு நிரந்தரமாகத்தான் வேண்டும் என்கிறீர்களா? சரி, அதற்கும் விலை உண்டு. சிகாகோவில் இருக்கும் கிளவுட் கேட் என்ற சிற்பம், அனிஷ் கபூர் என்ற சிற்பி பாதரசத் துளியை மனதில் வைத்துச் செய்தது. 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைச் சேர்த்து, இணைப்பு எங்கே என்று தெரியாதபடி தேய்த்திருக்கிறார்கள். வெல்டிங் கோட்டைத் தேய்த்து மறைப்பது என்ன பாடு என்று கிரைண்டர் பிடித்தவரைக் கேளுங்கள். 2004-இல் மக்களுக்குக் காட்டியபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை. முழுதாக முடிய 2006 ஆனது. 60 லட்சம் டாலர் என்று ஆரம்பித்த செலவு 2.3 கோடியில் போய் நின்றது. அதோடும் விட்டதா? அடியிலிருந்து 6 அடி உயரம் வரை, அதாவது மக்கள் கை படும் இடத்தை, தினமும் இரண்டு வேளை கையால் துடைக்கிறார்கள். முழுச் சிற்பத்தையும் வருஷத்துக்கு இரண்டு முறை கழுவுகிறார்கள். வானமும் மேகமும் அதில் பளிச்சென்று தெரிவதற்குத் துணி பிடித்த ஆட்களும் ஒரு காரணம். துடைக்க ஆள் போட முடியாது என்றால் தயவுசெய்து கண்ணாடி மெருகு கேட்காதீர்கள்.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஊர் பேர் வேண்டாம். மேல்நோக்கிக் குவிந்த ஒரு பெரிய இலை. உள்ளே காலி, வெளியே பெயிண்ட் அடித்த இரும்பு. உள்ளே காலியாக இருக்கும் இரும்பை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் ஈரம் சேரும். பகல் சூடும் ராத்திரிக் குளிரும் மாறி மாறி வந்து உட்சுவரை வியர்க்க வைக்கும். அதனால் காம்பின் அடியில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருந்தோம். பார்வையிட வந்த குழுவில் ஒருவர் குனிந்து அதில் விரலை விட்டுப் பார்த்தார். "என்ன இது ஓட்டை? போட்டோவில் அசிங்கமாத் தெரியும், அடைச்சிடுங்க" என்றார். காரணத்தைச் சொன்னோம், எழுதியும் கொடுத்தோம். அடைக்கச் சொல்லிக் கையெழுத்தோடு கடிதம் வந்தது. சில மழைக்காலம் போனதும் காம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, பீடத்தில் துருத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. பழி பட்டறை மேல்! மழைக்காட்டு மரங்களின் இலை நுனி நீண்டு கூராக இருப்பது தண்ணீரை வடிக்க உதவுகிறது என்பார்கள். இலையைச் செய்யச் சொன்னவர்களுக்கு இலையின் அந்த வேலை மட்டும் வேண்டாதது ஆகிவிட்டது.

அப்புறம் கோர்ட்டென் எஃகு. இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மேலே பிடிக்கும் துருவே இறுகிக் கவசமாகி, உள்ளே அரிப்பைக் குறைக்கும் எஃகு அது. இங்கிலாந்தில் ஆண்டனி கோர்ம்லி என்ற சிற்பி 1998-இல் நிறுத்திய, 54 மீட்டர் சிறகை விரித்து நிற்கும் 'வடக்கின் தேவதை' இந்த எஃகில் செய்ததுதான். ஆனால் அந்தத் துரு நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் இறுகும். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் இடத்திலும் தண்ணீர் தேங்கும் மூலையிலும் இறுகாமல் அரித்துக்கொண்டே போகும். போதாததற்கு முதல் சில வருஷம் அடியில் இருக்கும் தளத்தையெல்லாம் காவி நிறமாக்கிவிடும். வெளிர்நிறக் கல் பதித்துவிட்டு அப்புறம் எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள்.

வெயிலையும் மழையையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட சிற்பிகளும் இருக்கிறார்கள். அதே கோர்ம்லி இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் நிறுத்திய 100 வார்ப்பிரும்பு மனிதர்கள், அலை ஏறும்போது முழுகி, இறங்கும்போது தலை காட்டுகிறார்கள். படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு அவர்கள் உடம்பிலும் ஒட்டியிருக்கிறது. இத்தாலியின் ஜூசெப்பே பெனோனே 1968-இல் தன் கையை உலோகத்தில் வார்த்து, ஓர் இளமரத்தின் தண்டைப் பிடித்திருப்பது போலப் பொருத்தினார். அந்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் மரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் அந்தப் படைப்பின் பெயரே. வருஷம் ஆக ஆகத் தண்டு பருத்து, கையைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி கட்டிய 2,278 அடிச் சுவர் மரங்களைச் சுற்றி நெளிந்து போகிறது, சாந்து இல்லாத வெறும் கல் அடுக்கு. எங்காவது சரிந்தால் அதே கல்லை எடுத்து அடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது ஆக்னஸ் டெனஸ் பின்லாந்தில் செய்தது. ஜல்லி தோண்டிய இடத்தில் மலை எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 பேரைக் கொண்டு 11,000 மரம் நட வைத்தார். 400 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

இரண்டு வருஷமோ, நானூறு வருஷமோ, ஆயுளை முதல் கூட்டத்திலேயே சிற்பியிடம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மொத்தப் பணத்தையும் கட்டி முடிக்கவே செலவழித்துவிடாமல் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று தனிக் கணக்கில் போடுங்கள். பெயிண்டைப் பார்ப்பது, போல்ட்டை இறுக்குவது, தண்ணீர் வடிகிறதா என்று பார்ப்பது, எல்லாம் யார் வேலை, வருஷத்துக்கு எத்தனை முறை என்று பதவிப் பெயரோடு எழுதுங்கள். ஆள் மாறினாலும் வேலை நிற்காது. ஆயுள் முடிந்தால் பிரிப்பதா, சீர்செய்வதா, யார் முடிவு செய்வது என்பதற்கும் சிற்பியின் கையெழுத்தை அப்போதே வாங்கிவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பட்டறைக்காரர் ஒருவரையும் கூப்பிடுங்கள். இப்போதெல்லாம் எங்களுக்கு வரைபடம் வந்து சேரும்போது திறப்பு விழா அழைப்பிதழே அச்சாகி முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்