தோற்றவர் புலம்பல் என்று எழுதினீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆர்பிட்ரேஷனில், அதாவது நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் முறையில், வருகிற தீர்ப்புகளைப் பற்றி வந்த கட்டுரையில், தோற்றுப்போனவர்கள்தான் நடைமுறை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நீதிமன்றப் படியேறிப் புலம்புகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை. ஜெயித்தவர் எதற்கு ஐயா படியேறப் போகிறார்? தோற்றவர் சொல்வதாலேயே அது பொய்யாகிவிடுமா?

நானும் அப்படிப் படியேறியவன்தான். கட்டுமானத்தில் உள் ஒப்பந்தம் எடுத்துச் செய்த வேலைக்குப் பில் பாக்கி, அதற்காக ஆர்பிட்ரேஷன். கடைசி வாய்தா முடிந்து, இரண்டு பக்கமும் எழுத்துமூல வாதம் கொடுத்து, இனி தீர்ப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு தபாலில் வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில், எம்-புக் என்போமே, செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அந்த அளவுப் புத்தகத்தின் நகல் ஒன்றைச் சுட்டிக்காட்டி என் கணக்கைத் தள்ளியிருந்தார் நடுவர். அந்த நகலை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். வாதமெல்லாம் முடிந்த பிறகு எதிர்த்தரப்பு நேராக அவருக்கு அனுப்பியிருக்கிறது, எனக்குப் பிரதி இல்லை. அதில் என் மேஸ்திரியின் கையெழுத்து என்று ஒன்று இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், தன் பெயரை எழுத்து எழுத்தாக விட்டுவிட்டுத்தான் எழுதுவார். அங்கே ஒரே சுழியில் சேர்த்துப் போட்டிருந்தது. ஐந்து நிமிடம் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இதுவா புலம்பல்?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2019-இல் சாங்யாங் என்ற கொரியக் கட்டுமான நிறுவனத்துக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் நடந்த வழக்கில் சொன்னதும் இதுதானே. யாருமே தாக்கல் செய்யாத அரசு வழிகாட்டுதல்களைப் பெரும்பான்மை நடுவர்கள் தாங்களாகவே எடுத்து, அதை வைத்துத் தீர்ப்பெழுதினார்கள், அது நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது சரிதான் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்ததே, அந்த நடுவர் தீர்ப்பில் 451 பத்திகளில் குறைந்தது 212 வேறு இரண்டு வழக்குகளின் தீர்ப்புகளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டவை. அந்த வழக்கில் யாரும் வைக்காத வாதங்கள்கூட உள்ளே இருந்தன. அங்கே நீதி கேட்டுப் போனவர்களையும் புலம்பல்காரர்கள் என்றா சொல்வீர்கள்?

இப்படிப்பட்ட மனுக்களில் ஜெயிப்பவர்கள் குறைவு என்பதை வேறு சான்றாகக் காட்டுகிறது கட்டுரை. குறைவுதான், ஏனென்றால் வாசலே அவ்வளவு குறுகல். நடுவர் கணக்கைத் தப்பாகப் போட்டார், சாட்சியைத் தப்பாக எடைபோட்டார் என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது, அது சரியும்கூட. இங்கிலாந்தின் 1996 சட்டத்தில் நடைமுறை தவறியது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் பெரிய அநீதி நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். அவ்வளவு குறுகலான வாசலையும் தாண்டி இங்கே என் தீர்ப்பு ரத்தானது. ஆனால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரத்து என்றால் மறுபடியும் முதலிலிருந்து, புது நடுவர், புதுக் கட்டணம், அதே பழைய ரசீதுகள். மேஸ்திரி அதற்குள் இறந்துவிட்டார்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முன்பு ஆர்பிட்ரேஷன் சீக்கிரம் முடியும், செலவு குறைவு என்று நீங்கள் ஒரு தொடர் போட்டீர்கள். தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான் என்கிற ஷரத்தைச் சின்ன ஒப்பந்தக்காரன் பேரம் பேசிப் போடுவதில்லை, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறான், நடுவர் யார் என்பதைக்கூட எதிரே இருப்பவர் முடிவு செய்கிற காலம் இருந்தது என்று அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் தொடரைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது. அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுப்பு எதுவும் போடச் சொல்லவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், எதிர்த்து மனுப்போட எத்தனை நாள் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். இந்தியாவில் தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இங்கிலாந்தில் தீர்ப்புத் தேதியிலிருந்து 28 நாள்தான். இது தெரியாமல் தீர்ப்பை பீரோவில் வைத்துவிட்டு, சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்